ராதாரிச் சீட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. என் குரல் அவ்வளவு தூரம்தான் எட்டும். நாகமலைச் சாலையில் நடந்த இந்தக் கதையும் அவ்வளவு நீளம்தான்.

கான்ஸ்டபிள் மாசிலாமணிக்குக் கால் கெஞ்சியது.

விடிந்ததிலிருந்து நின்ற நிலை. பங்குனி வெயில் இறங்கியும் சாலைப் புழுதியில் சூடு அடங்கவில்லை.

அப்போதுதான் மேற்கேயிருந்து ஒரு பெரியவர் விறுவிறுவென்று வந்தார்.

அந்தப் பக்கத்து ஊர்களில் சிலரைப் பிறக்கும்போதே திருடர்கள் என்று சட்டம் எழுதி வைத்திருந்த காலம் அது. இராத்தங்க வெளியூர் போனால் கிராம முன்சீப் எழுதித் தந்த ராதாரிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சிறைதான். மதுரைக்குள் நுழையுமுன் அதைக் கேட்கிற கடைசிக் காவல், மாசிலாமணி நின்ற இடம்.

"யாருய்யா அது? சீட்டு எங்க?"

"நல்லகாமன், சாமி. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறேன். மக சின்னத்தாயிக்கு மூணு நாளா வலி. கத்தி வச்சுத்தான் பிள்ளைய எடுக்கணும்ங்கிறாக. அதுக்கு முன்னாடி மூஞ்சியப் பாத்துரணும்."

சொல்லிக்கொண்டே தலைப்பாகையை அவிழ்த்து, மடித்த காகிதம் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். முகத்தில் பயமே இல்லை.

மாசிலாமணி பிரித்துப் பார்த்தான். பசுமலைச் சபையார் விநியோகிக்கிற கைப்பிரதி. இயேசு சுவாமியின் இரக்கத்தைப் பற்றி நாலு வரி அச்சடித்திருந்தது.

அவனும் அந்தச் சபைப் பிள்ளைதான். எழுத்துத் தெரியாத மனுஷர், எதையோ சீட்டு என்று நம்பி வந்திருக்கிறார். புரிந்தது. புரிந்து என்ன செய்ய? தை மாதம் ஒருவனை, அழுகிறானே என்று விட்டதற்குத்தான் டவுனிலிருந்து இந்தப் புழுதியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இன்னொரு தடவை என்றால் உடுப்பைக் கழற்ற வேண்டியதுதான். வீட்டில் ஐந்து வாய்.

இரக்கம் என்ற சொல்லே அவனுக்கு அலுத்துப்போயிருந்தது.

புளியமரத்தடிக் கட்டிலில் சாய்ந்திருந்த ஏட்டு வெள்ளைத்துரை, கண்ணைத் திறக்காமலே குரல் கொடுத்தார். "என்னய்யா, சீட்டு இருக்கா? இல்ல, இன்னைக்கும் உங்க சாமி குறுக்க வந்துட்டாரா?"

மாசிலாமணி பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தான். "இது செல்லாது பெரியவரே. ஸ்டேஷனுக்கு நடங்க. யாரு குடுத்தா இதை?"

பெரியவர் சிரித்தேவிட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"நல்லாக் கேட்டீக போங்க! ஞாயித்துக்கிழமை சந்தையில, வேட்டி சட்டையில வந்து நீங்கதான சாமி குடுத்தீக? இது கையில இருந்தா எங்கயும் பயப்பட வேண்டாம்னு சொன்னீகளே. இங்க காவல் நிக்கிற போலீசுக்காரவுகளே குடுத்தப்புறம் முன்சீப் எதுக்குன்னு நான் அவரு வீட்டுப் பக்கமே போகல."

அன்றைக்குக் கொடுத்தது நாற்பதோ ஐம்பதோ. எல்லாருக்கும் அதே சொல்தான். சீக்கிரம் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்கிற அசதியில், வாங்கியவர்களில் ஒருவர் முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தான்.

அழுக்கு வேட்டியும், மூன்று நாள் தாடியும், தன்னை அப்படியே நம்பிய இரண்டு கண்ணும்.

பிடித்த கை தானாக விட்டது. காகிதத்தை மடித்துப் பெரியவர் கையில் வைத்தான்.

"வெரசாப் போங்க" என்றான்.

அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"யாரு குடுத்த சீட்டுய்யா?" கட்டிலிலிருந்து ஏட்டு கேட்டார்.

மாசிலாமணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, புளியமரத்தை நோக்கித் திரும்பினான்.

"நான் குடுத்ததுங்கய்யா."

ஏட்டு அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்ட நாளில், ஓடி வருகிற தகப்பனுக்கு வழி திறந்தே இருக்கட்டும், கண்ணுகளா.