மூணாவது ஊசி

"மறுபடியும் ஊசியா?"

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் தங்கையைப் பார்த்ததும் அருள் பிரகாஷ் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கூட ஒரு ஆள் இருந்தாத்தான் போடுவாங்களாம்ணா. கையெழுத்து போடணுமாம்" என்றாள் நித்யா மேரி. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் காருக்குள் ஏறினாள்.

அருள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். காலையில் கார் பழக வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்த எரிச்சல் அவனுக்கு.

"ஏப்ரல்ல ஒண்ணு, ஜூலைல ஒண்ணு, இப்ப இது மூணாவது. ஊருல யாருக்குத்தான் முதுகு வலி இல்ல? நானும்தான் நாள் பூரா கார்லயே உக்காந்திருக்கேன்."

"எனக்குக் கால் வரைக்கும் இழுக்குதுண்ணா. கரண்ட் அடிக்கிற மாதிரி."

"குனிஞ்சு நிமிர்ற வேலையைக் குறைச்சுக்க."

அவள் முதுகுக்குப் பின்னால் கைப்பையை அண்டக் கொடுத்துக்கொண்டாள்.

அவர்களுடைய அப்பா யாகப்பன் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருஷம் ஆகிறது. செம்மங்குப்பத்தில் நித்யாவின் வீட்டில்தான் இருக்கிறார். அவள் புருஷனுக்கு மஸ்கட்டில் வேலை. அருள் இருக்கும் சிதம்பரத்திலிருந்து அங்கே காரில் போனால் முக்கால் மணி நேரம். அருள் கடைசியாகப் போனது கிறிஸ்துமஸுக்கு.

ரொம்ப நாளாக மனசில் இருந்ததை அன்றைக்குக் கேட்டே விட்டான்.

"நேராவே கேக்குறேன் நித்யா. அப்பாவை நான் கூட்டிக்கிட்டுப் போயி வெச்சுக்கணும், அதானே? அதுக்குத்தானே இந்த ஊசி, ஆஸ்பத்திரி எல்லாம்?"

"நான் அப்படி எதுவும் கேக்கலையேண்ணா."

"வாயால கேக்கல. எங்க வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. உங்க அண்ணியும் வேலைக்குப் போறா. நான் என்ன பண்ண முடியும் சொல்லு?"

நித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அருள் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினான்.

கையெழுத்துப் போட்டதும் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் ஊசியை இறக்குவார்களாம். இருபது நிமிஷ வேலை என்றாள் நர்ஸ்.

அருள் வராந்தாவில் நின்று மனைவிக்குப் போன் போட்டான்.

"ஆமா அனிதா, அதே டிராமாதான். மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்."

போனை வைக்கும்போது டாக்டர் செந்தமிழ்செல்வன் வெளியே வந்தார்.

"நித்யா மேரியோட அண்ணன் நீங்கதானே?"

"ஆமா சார்."

"நல்லபடியா முடிஞ்சுது. அரை மணி நேரம் படுத்திருக்கட்டும். கால் மரத்த மாதிரி இருக்கும், பயப்பட வேணாம். ஆனா இதுக்கு மேல இந்த வருஷம் ஊசி கிடையாது. இது ஸ்டீராய்டு. நரம்பைச் சுத்தி இருக்குற வீக்கத்தைக் குறைக்கும், வலியும் அடங்கும். பிதுங்கின டிஸ்க் அப்படியேதான் இருக்கும். வலி இல்லையேன்னு கனத்தைத் தூக்கினா, நாளைக்குக் காலே விளங்காமப் போயிடலாம்."

"சரிங்க சார்."

"உண்மையச் சொல்லப்போனா, இதைப் போடவே எனக்கு இஷ்டமில்ல. எண்பது கிலோ மனுஷனை நாள் பூரா தூக்கி, திருப்பிப் போட்டு, குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா ஊசி போட்டு என்ன பிரயோஜனம்னு கேட்டேன். அப்பதான் உங்களைப் பத்திச் சொன்னாங்க."

"என்னைப் பத்தியா?"

"'அப்பாவைத் தூக்குறது, குளிப்பாட்டுறது எல்லாம் எங்க அண்ணன்தான் சார். காலையிலயும் சாயந்திரமும் கார் எடுத்துக்கிட்டு வந்துடுவாரு. என்னை ஒரு கை புடிக்க விடமாட்டாரு'ன்னாங்க. அதை நம்பித்தான் போட்டேன். நீங்க நல்லா இருக்கணும் தம்பி."

தோளில் தட்டிவிட்டு டாக்டர் நின்றார். இல்லை சார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அருள் தலையை மட்டும் ஆட்டினான்.

உள்ளே போனபோது நித்யா மல்லாந்து படுத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே பயந்துவிட்டாள்.

"டாக்டர் எதாச்சும் கேட்டாராண்ணா?"

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்பாவைத் தெனமும் யாரு தூக்குறது?"

"நான்தான். பக்கத்து வீட்டு தங்கம்மாக்கா எப்பவாச்சும் வந்து காலைப் புடிச்சுக்குவாங்க." அவள் குரல் இறங்கியது. "நெசத்தைச் சொன்னா ஊசி போட மாட்டாருண்ணா. ஊசி இல்லன்னா என்னால குனியவே முடியல. அப்புறம் அப்பாவை யாரு பாக்குறது? உன்னைச் சொன்னது தப்புதான். கோவிச்சுக்காத."

அவள் மன்னிப்புக் கேட்டதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. காரில் வரும்போது தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு மனைவிக்குப் போன் போட்டான்.

"அனிதா, நான் செம்மங்குப்பம் போறேன். இன்னிக்கு வரமாட்டேன்... இல்ல, டிராமா ஒண்ணும் இல்ல. வந்து சொல்றேன்."

நித்யா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"சாயந்திரம் உனக்குக் கிளாஸ் இருக்குமேண்ணா?"

"இருந்தா இருக்கட்டும். இன்னிக்கு அப்பாவை நான் தூக்குறேன். நாளைக்கும் நான்தான். நீ படுத்திரு."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அவளோ எதையோ சொல்லத் தயங்கினாள்.

"என்ன நித்யா?"

"வாண்ணா. ஆனா அங்க வந்து, 'உன்னைப் பாத்து எத்தினி நாளாச்சுப்பா'ன்னு மட்டும் அழுதுடாத. அவரு தூங்குற நேரத்துல நீ தெனமும் வந்து பாத்துட்டுப் போறதாத்தான் ரெண்டு வருஷமா நான் அப்பாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்."