உச்ச நாள் மோதல்

இரண்டு குத்துச்சண்டை வீரர்கள் தங்கள் உச்சத்தில் மோதினால் யார் ஜெயிப்பார்? ராயபுரம் அரங்கின் இயந்திரம் அதை நடத்திக் காட்டும். உயிரோடிருப்பவர் அதற்கான உடுப்பைப் போட்டுக்கொண்டால், திரையில் தன் இளமை வாங்கும் ஒவ்வொரு குத்தும் உடம்பில் விழும். எண்பது வயது தனகோட்டி பெருமையாகப் போட்டுக்கொண்டார்.

திரையில் எதிராளி, அவரிடம் தோற்றுப் பார்வை போன சவரிமுத்து; "கல்லால அடிச்ச மாரி இருந்துச்சு" என்று சாகும்வரை சொன்னவர். சவரிமுத்துவின் மகள் பெலிசித்தாதான் இயந்திரத்தை இயக்கினாள்.

மூன்றாவது ரவுண்டில் தனகோட்டி தரையில் சரிந்தார்.

"நிறுத்தும்மா! அது நான் இல்ல. என் குத்துல ஒங்கப்பன் அசையவே இல்லியே!"

"நீதான் பெருசு. அன்னிக்குக் கையில சுத்துன துணிக்குள்ள மாவுக்கட்டு வச்சியே, அத மட்டும் எடுத்துட்டேன்."

மணி அடித்தது.

"எய்ந்திரு. இன்னும் ஒம்போது ரவுண்டு கீது."