ஜன்னலோரம் வளைந்த கோடு

கடலுக்குப் போய் வந்தவள்போல் அவள் முகம் தெளிந்திருந்தது. தலையிலிருந்து வி.ஆர். கண்ணாடியைக் கழற்றிக் கணவனிடம் நீட்டினாள்.

"நீயும் ஒரு தடவை போட்டுப் பாரேன். உன் மண்டைக்குப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தணும், அவ்வளவுதான்."

மூன்று மாதத்தில் அவள் செய்த முதல் கேலி. அவன் சிரித்திருக்க வேண்டும்; சிரிப்பு வரவில்லை.

மனநல ஆலோசகர் சொல்லி வாங்கியது. தினமும் இருபது நிமிடம், வீட்டுக்குள்ளேயே, கடலோரத்தில். நாள் முழுக்க ஊரார் புகாரைத் தொலைபேசியில் கேட்டு வாய் ஓயாமல் பதில் சொன்னவள், ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதும் பேச்சையே விட்டிருந்தாள். இப்போது தூங்குகிறாள். ஒரு வாரமாகத் தட்டில் மிச்சம் வைப்பதில்லை.

அவனுக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. அதற்குள் மறந்துவிட்டாயா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவான்.

அவள் வீடு திரும்பியதற்கு முந்தின நாள், தன் கையால் செய்த தொட்டிலைத் தானே கழற்றி அக்கா வீட்டுப் பரணில் போட்டிருந்தான். கண்ணில் படாதது மனதிலும் படாது என்று நம்பினான். அவள் வந்து, அது இருந்த ஜன்னலடியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

கடல் வந்தது. அலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீடு வீடாக அலமாரி பொருத்துகிறவனின் கண், மணலில் ஓடிய நீலக் கோட்டுக்குத்தான் போனது.

கண் மறைந்த ஆள் எதிலும் மோதாமலிருக்க, வாங்கிய அன்றே அறையிலுள்ள சாமான்களைத் தவிர்த்துக் கைக்கருவியால் தரையில் ஓர் எல்லை வரைய வேண்டும். அவள் வரைந்தது அது. சுவரோரம் நேராகப் போனது. கட்டிலைச் சுற்றி வளைந்தது. பீரோவைச் சுற்றி வளைந்தது.

ஜன்னலோரத்திலும் வளைந்திருந்தது.

மூன்றரை அடி நீளம். ஒன்றே முக்கால் அடி அகலம். அளக்கத் தேவையில்லை. அந்த அளவுக்கு மரம் அறுத்தவன் அவன்தான்.

கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தான். ஜன்னலடியில் வெறும் தரை.

இந்தக் கண்ணாடி வீட்டுக்கு வந்தே மூன்று வாரம்தான் ஆகிறது.

மறுபடி இறக்கிக்கொண்டான். கால் தன்னால் அந்தப் பக்கம் நகர்ந்தது.

"அங்க போகாத," என்றாள், சூடான பாத்திரத்தைக் காட்டிச் சொல்வதுபோல. "இடிச்சிடுவ."

அவன் நின்றான். பிறகு கோட்டை விட்டு விலகி, ஓசைப்படாமல், நுனிக்காலில் நடந்தான்.