மஞ்சள் அட்டை

எதிரணி ஆட்டக்காரனின் முழங்கால் கோல்கீப்பரின் வயிற்றில் ஓங்கி இடித்தது. அவன் சுருண்டு விழுந்தான்.

நடுவர் ஓடி வந்தார். "நேரத்தைக் கடத்தப் பாக்குறியா? எந்திரி."

"வயிறு வலிக்குது. இடது தோளும் இழுக்குது."

"இடிச்சது வயித்துல, வலி தோள்லயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டினார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை ஆடினான். ஆட்டம் முடிந்ததும் மயங்கிச் சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனை முடித்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"அடிபட்டதுல மண்ணீரல் கிழிஞ்சு உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிஞ்சிருக்கு. அந்தத் தோள் வலி அதோட அறிகுறிதான். மண்ணீரலை எடுத்துட்டோம், பிழைச்சுக்குவார். விழுந்த உடனே ஏன் கூட்டிட்டு வரல?"

உடன் வந்த ஆட்டக்காரர்கள் நடுவரைப் பார்த்தார்கள். அவர் தலைகுனிந்து நின்றார்.

"வேற யார் விழுந்திருந்தாலும் உடனே ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டிருப்பேன், டாக்டர்."

"அப்போ இவர் மேல மட்டும் என்ன கோபம்?"

"கோபமில்ல. சலுகை காட்டுறான்னு நாலு பேர் பேசிடக் கூடாதுன்னு பயந்துட்டேன்."

நடுவரால் டாக்டரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அவன் என் கூடப்பிறந்த தம்பி."