பக்கத்துக் கட்டில்காரி

"உனக்கு யாரைக் கண்டா சுத்தமா ஆகாது?"

காலேஜ்ல பொண்ணுங்க மனசு விட்டுப் பேசறதுக்குன்னு இருக்கற கவுன்சிலர் மேடம் கேட்ட கேள்விக்கு, ஹாஸ்டலே மிளகான்னு கூப்பிடற அவ யோசிக்கவே இல்ல.

"என் பக்கத்துக் கட்டில்காரி. பரவால்ல."

"பரவால்லையா, ஆகாதா?"

"அவளுக்கு நாங்க வச்ச பேரே அதுதான் மேடம். சோத்துல உப்பு இல்லேன்னா பரவால்ல. துண்டை எவளோ தூக்கிட்டுப் போனா பரவால்ல. தலையில கல்லைப் போட்டாக்கூட, சின்னக் கல்லுதானே, பரவால்லம்பா. மூணு வருஷமா பார்க்கறேன். பச்சை நடிப்பு."

மேடம் முகத்துல ஒரு சிரிப்பு வந்துட்டு உடனே போயிடுச்சு.

"எதுக்கு மேடம் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. மேல சொல்லு."

"சொல்ல என்ன இருக்கு? தப்பைத் தப்புன்னு சொல்ற நான் குற்றவாளி. வாயே தொறக்காத அவ நல்ல பொண்ணு. நல்லா இருக்கு உங்க நியாயம்!"

விஷயம் இதுதான். மெஸ்ல சண்டை, லைப்ரரியில சண்டை, லேப்ல சண்டை. இன்னொரு புகார் வந்தா ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணணும்னு வார்டன் மேடம் கறாரா சொல்லிட்டாங்க. கடைசி வருஷப் பரீட்சை அடுத்த வாரம். அதான் மிளகா வேற வழியில்லாம இங்க வந்து உக்காந்திருக்கா.

"சண்டை போட்டுப் போட்டு அலுக்கலையா உனக்கு?"

இதுக்கும் சுடச்சுட ஏதாவது சொல்லத்தான் மிளகா வாயைத் தொறந்தா. வந்தது வேற.

"அலுக்குது மேடம். ராத்திரி படுத்தா தாடை வலிக்குது."

மேடம் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கண்ணைத் தேய்ச்சுக்கிட்டாங்க. அவங்களும் களைச்சுப்போய்தான் இருந்தாங்க.

"ஷேடோ வொர்க்குன்னு ஒண்ணு இருக்கு. பயப்படாதே, பெரிய வித்தையெல்லாம் இல்ல. நமக்கு வேண்டாம்னு நாமளே மூட்டை கட்டி உள்ள தள்ளின பாதி ஒண்ணு எல்லார்கிட்டயும் இருக்கும். நிழல் மாதிரி கூடவே வரும். அதையே இன்னொருத்தர்கிட்டப் பார்த்தா நமக்குப் பத்திக்கிட்டு வரும். நீ ஒண்ணு பண்ணு. நாளைக்கு ஒரு நாள் அந்தப் பொண்ணு மாதிரி நடந்து பாரு."

"நான் போய்ப் பரவால்லன்னு சொல்றதா?"

"ஒரே நாள்தான்."

மறுநாள் காலையில மெஸ் வரிசையில ஒருத்தி முன்னாடி பூந்தா. மிளகா பல்லைக் கடிச்சுக்கிட்டு, "பரவால்ல"ன்னா. பூந்தவ பயந்துபோய்க் கடைசிக்குப் போயிட்டா.

அந்தப் பயமெல்லாம் கொஞ்ச நேரந்தான். மதியத்துக்குள்ள விஷயம் பரவிடுச்சு. ஒருத்தி ரெக்கார்டுல படம் வரையச் சொல்லிக் குடுத்தா. ஒருத்தி லேப் கோட்டைத் துவைக்கக் குடுத்தா. பரவால்ல, வச்சுட்டுப் போ.

சாயங்காலம் மிளகாவால நிக்க முடியல. முழுங்கின வார்த்தையெல்லாம் நெஞ்சுல கல்லு கல்லா உக்காந்திருந்துச்சு. சண்டை போட்ட நாள்லகூட இவ்ளோ களைச்சதில்ல. இதை ஒருத்தி மூணு வருஷமா பண்றாளா?

அப்பதான் வராந்தாவுல கூச்சல். துவைக்கற இடத்துலேர்ந்து தண்ணி பெருகி ரூம் ரூமா பூந்துடுச்சு. வார்டன் மேடம் செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு நேரா மிளகாகிட்ட வந்தாங்க.

"குழாயைத் தொறந்து விட்டது நீதானே? என் மேல இருக்கற கோபத்தை இப்படிக் காட்டுறியா?"

வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கூடவே பரீட்சை ஞாபகமும் வந்துச்சு.

"பரவால்ல மேடம். துடைச்சுடறேன்."

"துடைச்சா ஆச்சா? நாளைக்குக் காலையில பொட்டியைக் கட்டு!"

மிளகாவுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. நான் பண்ணலன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அதுக்குக்கூட தெம்பில்ல.

"பரவால்ல இல்ல!"

கண்ணாடி விழுந்து நொறுங்கின மாதிரி ஒரு குரல். வராந்தா மொத்தமும் திரும்பிப் பார்த்துச்சு. கத்தினது பரவால்லதான். காது ரெண்டும் செவந்துபோய்க் கிடக்கு.

"திரைச்சீலையை ஊற வச்சுட்டு, குழாயைத் தொறந்து விட்டுட்டு, ஃபோன் பேசப் போனது நீங்க மேடம்! எப்பவும் நீங்கதான்! பின்னாடியே வந்து நான் மூடிக்கிட்டிருக்கேன். இன்னைக்கு மூடல. அவளை அனுப்பினா நானும் போறேன். போற வழியில பிரின்சிபால் ரூமுக்கும் போயிட்டுத்தான் போவேன்!"

வார்டன் மேடம் கையில இருந்த செருப்பைக் கீழ போட்டு மாட்டிக்கிட்டாங்க.

"இதை... மெதுவா சொன்னா ஆகாதாம்மா? யாரும் எங்கயும் போக வேண்டாம். போய்ப் படிங்க."

கூட்டம் கலைஞ்சுது. ரெண்டு பேரும் ஒரு பழைய போர்வையைப் போட்டுத் தண்ணியை ஒத்தி எடுத்தாங்க. ஆளுக்கு ஒரு முனையைப் புடிச்சு, இவ இந்தப் பக்கமும் அவ அந்தப் பக்கமுமா முறுக்கிப் பிழிஞ்சாங்க.

"தொண்டை எரியுது. தினமும் எப்படிடி கத்தறே?"

"எனக்கு நெஞ்சே வலிக்குது. தினமும் எப்படிடி முழுங்கறே?"

சிரிக்கக்கூட ரெண்டு பேருக்கும் தெம்பில்ல.

"ஆமா, திடீர்னு என்னடி வந்துச்சு உனக்கு? யார் சொல்லிக் குடுத்தா?"

"கவுன்சிலர் மேடம். யாரைக் கண்டா ஆகாதோ, அவங்களை மாதிரி ஒரு தடவை நடந்து பாருன்னாங்க."

மிளகா கையில போர்வை அப்படியே நின்னுச்சு.

"நீ யாரைச் சொன்னே?"

பரவால்ல தன் முனையை இன்னொரு முறுக்கு முறுக்கினா.

"எனக்குன்னு ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்காம, மூணு வருஷமா பக்கத்துக் கட்டில்ல உக்காந்து கத்தறாளே ஒருத்தி... அவளைத்தான்."