பிரேக் வேண்டாத சரிவு

பந்தயம் இல்லாத மாதம். காலை வெயிலில் ஈர மண் மினுங்குகிறது. புதிதாக வந்த மலைச் சைக்கிளை ஓட்டிப் பார்க்க, பிரேக்கே வேண்டாத நேர்ச் சரிவில் அக்கா இறங்கி வருகிறாள். போன பந்தயத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்த தங்கை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நேரம் பார்க்கிறாள். இந்தச் சரிவில் எல்லாரையும்விட வேகமாக இறங்கியவள் இன்றைக்கும் தங்கைதான். அக்கா அந்த நேரத்துக்கு மூன்று விநாடி பிந்தி வந்து நிற்கிறாள். “புது வண்டிடி, இன்னும் கைக்குப் பழகல.” தங்கை குனிந்து சக்கரத்தின் பிரேக் தட்டருகே விரலை நீட்டுகிறாள். அனல் அடிக்கிறது. “எனக்காகப் பிரேக் பிடிச்சியாக்கா?” அக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தோள் குலுங்குகிறது. “மறுபடி ஏறு. இந்தத் தடவை பிரேக்கைத் தொட்டே, நாளைக்கு நான் வரமாட்டேன்.” அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே நடக்கிறாள். அவள் ஏறு பாதையின் வளைவில் மறைந்த பிறகுதான் தங்கை கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.