ஞாயிற்றுக்கிழமைக் காற்று

பைக்கின் பின்பக்கம் மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் வாளியோடு குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற இன்னாசிராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

மைன்ஸில் பம்ப் ஃபிட்டர் அவர். எந்தக் குழாய் ஒழுகினாலும் சத்தத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு, ஆசை ஆசையாக வாங்கிய பழைய டூரிங் பைக்கில், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றால் பின்பக்கத்தைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் தண்ணி காட்டியது. காற்றை ஏற்றினால் வண்டி நிமிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்து பார்த்தால் படுத்துவிடுகிறது.

“சீல் மாத்தியாச்சு, ஹோஸ் மாத்தியாச்சு, வால்வும் மாத்தியாச்சு. இன்னும் என்னடா கொளஞ்சி?”

பக்கத்து ஊர் வடக்குத்திலிருந்து வந்த மெக்கானிக் கொளஞ்சிநாதன் காற்றை ஏற்றி, நுரையைத் தடவிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

“வாரம் பூரா ஷிப்டுக்கு ஓட்டிக்கினு போறீங்க, அப்பல்லாம் நிக்குது. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் பூசைக்குக் கெளம்பறப்பதான் எறங்குது. எனக்கே ஒண்ணும் புரியலண்ணே.”

“எனக்குப் புரியுது. போன மாசம் பூசைய வுட்டுட்டு ஓவர்டைம் போனேன்ல? மாதா குடுக்குற தண்டனை.”

இந்தப் பைக்கில்தான் மனைவி மேரிசெல்வியை வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கூட்டிவருவதாக அவர் நேர்ந்துகொண்டிருந்தார். காற்று நிற்காத வண்டியில் இரண்டு பேர் அவ்வளவு தூரம் போனால் இடுப்பு மிஞ்சாது. திருவிழாவோ நெருங்கிவிட்டது. மனிதர் ராத்தூக்கம் கெட்டு அலைந்தார்.

“போதும்டா. காயலாங்கடைக்குப் போனாலும் பரவால்ல, இப்பவே தள்ளிக்கினு போயிடு.” சாவியை நீட்டினார்.

பூசைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்த மேரிசெல்வி பதறிப்போனாள்.

“ஐயோ, குடுக்காதீங்க! வண்டில ஒண்ணும் இல்ல. நாந்தான் காத்தப் புடுங்கி வுட்டேன்.”

“நீயா?” இன்னாசிராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. “வேளாங்கண்ணிக்கு வர இஷ்டம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

அவளுக்குக் கண் கலங்கியது. கொளஞ்சிநாதன் காதில் விழாதபடி அருகில் வந்து சொன்னாள்.

“காத்து இருந்தா சீட்டு ஒசந்துடுதுங்க... சேலையோட என்னால எம்பி ஏற முடியல.”